திரையிலிருந்து டிரங்குப் பெட்டிக்கு: மலாக்காத் தோட்டத் தமிழரின் சினிமாச் சேகரங்கள், 1931–2016

'ஸ்டார் வார்ஸ்' என்ற விண்வெளிக் கற்பனைப் படம் 1977 மே மாதம் அமெரிக்காவில் திரைக்கு வருவதற்கு ஆறு மாதங்கள் முன்பே அதன் கதை நாவலாக அச்சாகிவிட்டது. லண்டன் சிம்பொனி இசைக்குழு வாசித்த ஜான் வில்லியம்ஸின் இசை இரட்டை இசைத்தட்டாக வெளிவந்தது. பொம்மை உரிமை பெற்றிருந்த கென்னர் நிறுவனத்தால் அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க முடியவில்லை. ஆகவே அட்டை உறை ஒன்றை விற்றது. உள்ளே இருந்த சீட்டைத் தபாலில் அனுப்பினால் அடுத்த ஆண்டு நான்கு பொம்மைகள் வீட்டுக்கு வரும். பொம்மை இல்லாத அந்த உறையையும் மக்கள் வாங்கினார்கள். வணிகப்பொருள் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்ட இயக்குநர் ஜார்ஜ் லூக்காஸ் பெருஞ்செல்வரானது அதனால்தான். சினிமாவை ஒட்டிய பொருள்களைச் சேர்ப்பது என்றால் இன்று உலகம் முதலில் சொல்வது இந்தப் படவரிசையைத்தான்.

அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் தமிழர்கள் சினிமாவை வீட்டுக்குக் கொண்டுபோகத் தொடங்கிவிட்டார்கள். அலோர் காஜா மாவட்டத்தின் சிற்றூரான ரெம்பியாவையும் அதைச் சுற்றியிருந்த தோட்டங்களையும் மனத்தில் வைத்து அந்த வழக்கத்தின் வரலாற்றை எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் வாதம் இதுதான்: இங்கே சேர்க்கப்பட்டவை பாடுவதற்கும் நடிப்பதற்கும் பிறருக்குக் கேட்கக் கொடுப்பதற்கும் பயன்பட்ட பொருள்கள். பயன்பட்டதால் தேய்ந்தன. தேய்ந்ததால் வரலாற்றில் இடம் பெறாமல் போயின.

மலாக்காவில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. மலாயாவின் முதல் வணிக ரப்பர்ப் பயிரை 1896இல் டான் சே யான் இட்டது இந்த மாநிலத்தின் புக்கிட் லிந்தாங்கில்தான். 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி, தமிழகத்துத் தொழிலாளர்களைக் கப்பலேற்றும் செலவை ஏற்றது. கங்காணிகள் தங்கள் ஊர்களுக்குப் போய் ஆள் கூட்டி வந்தார்கள். பேசும் படம் பிறந்தபோது தோட்டங்களில் ஒரு தலைமுறை ஏற்கெனவே வேர்விட்டிருந்தது. 1938இல் இந்திய அரசு, கூலி வேலைக்கான குடிபெயர்வைத் தடை செய்தது. அடுத்து இரண்டாம் உலகப் போர் வந்து கப்பல் போக்குவரத்தையே அறுத்தது. ஊரிலிருந்து புதிய ஆள் வராத காலத்தில் ஊரின் குரலைக் கொண்டுவந்த பொருளுக்குத் தனி மதிப்பு ஏற்பட்டது இயல்பே. தோட்டத் தமிழரின் சினிமாப் பற்றைப் பொழுதுபோக்கு என்ற ஒரே தலைப்பில் அடக்கும் எழுத்துகள் இந்தப் பின்னணியைக் கவனிக்காமல் போவது எனக்கு வருத்தம் தரும் செய்தி.

பாட்டுப் புத்தகம்

முதல் சேகரப் பொருள் பாட்டுப் புத்தகம். 1931 அக்டோபர் 31 அன்று 'காளிதாஸ்' வெளியானது. அதற்கு முன்பே சென்னைக் குஜிலிக் கடைகளில் நாடகப் பாட்டுகளும் சிந்துகளும் காலணா, அரையணாப் பிரசுரங்களாக விற்றன. அந்த அச்சுப் பழக்கத்தைச் சினிமா அப்படியே சுவீகரித்துக்கொண்டது. ஒவ்வொரு படத்துக்கும் எட்டு, பதினாறு பக்கங்களில் ஒரு புத்தகம் வந்தது. மேலட்டையில் நாயகன், நாயகி படம். உள்ளே நடிகர் பட்டியல், தொழில்நுட்பக் கலைஞர் பட்டியல், கதைச் சுருக்கம். சுருக்கம் சிக்கலான ஓரிடத்தில் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லும். பிறகு பாட்டுகள். முப்பதுகளின் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே ராகமும் தாளமும் குறித்திருக்கும். வாங்குகிறவர் பாடுவார் என்று அச்சிட்டவர் எதிர்பார்த்ததற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

முப்பதுகளின் பிற்பகுதியில் தோட்டத்தில் ஆண் தொழிலாளியின் நாள்கூலி 50 காசு அளவில் இருந்தது. அந்த வருமானத்தில் இசைத்தட்டுப் பெட்டி எட்டாத பொருள். பாட்டுப் புத்தகம் எட்டும். படம் ஒரு நாள் திடலில் ஓடிவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். நடமாடும் படக்காரர், சுருள் பெட்டிகளையும் படம் காட்டும் கருவியையும் மின்னாக்கியையும் லாரியில் ஏற்றிக்கொண்டு நள்ளிரவே கிளம்பிவிடுவார். தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தில் மிஞ்சுவது அந்தப் புத்தகம்தான். எழுத்துத் தெரிந்தவர் படித்துக்காட்ட, தெரியாதவர் கேட்டு மனப்பாடம் செய்தார். தோட்டப் பள்ளியில் நான்கைந்து வகுப்பு படித்த பிள்ளைக்கு வீட்டில் மரியாதை கிடைத்த நேரங்களில் இதுவும் ஒன்று. ஆத்திசூடிக்கு அடுத்தபடி அந்தப் பிள்ளைகளின் கைக்கு வந்த அச்சு நூல் பல வீடுகளில் பாட்டுப் புத்தகமாகத்தான் இருந்திருக்கும் என்று கருதுகிறேன்.

சேர்த்து வைக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. பத்துப் பதினைந்து புத்தகங்களை ஒன்றாக அடுக்கி, முதுகுப் பக்கம் கோணி ஊசியால் துளையிட்டு, கெட்டி நூலால் தைத்து, பழுப்புத் தாள் அட்டை போடுவார்கள். சில தொகுப்புகளில் படத்தின் பெயர்கள் முன்பக்கத்தில் கைப்பட எழுதப்பட்டிருக்கும். ஒரு நடிகரின் படங்களாக மட்டும் சேர்த்துத் தைத்தவர்களும் உண்டு. தமிழ்த் திரைப்படத்துக்குப் பொருளடக்கம் எழுதிய முதல் ஆட்கள் இவர்கள். பின்னாளில் பிலிம் நியூஸ் ஆனந்தன் பெருமுயற்சியில் தொகுத்த தகவல் களஞ்சியத்துக்கும் இந்தத் தைத்த கட்டுகளுக்கும் அளவில்தான் வேறுபாடு.

தமிழ்நாட்டில் இத்தகைய அச்சுப் பொருளைக் காப்பாற்றியவர்களில் முதன்மையானவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அவருடைய சேகரத்தை வாங்கியது. 1994இல் அது சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. அதில் பாட்டுப் புத்தகங்களும் நாடக, சினிமா நோட்டீசுகளும் உள்ளன. மலாக்காவில் கிட்டங்கி வைத்து வட்டித்தொழில் செய்த நகரத்தாரின் ஊர்களில் ஒன்றுதான் கோட்டையூர். கடல் கடந்து போன பணத்தின் பாதையிலேயே அச்சுத்தாளும் போய் வந்திருக்கிறது.

தட்டும் வசனமும்

போர் முடிந்ததும் தேங்கியிருந்த படங்கள் மலாயாவுக்கு வந்தன. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தகவல் இலாகாவின் வண்டிகளும் தோட்டந்தோட்டமாகப் போய்த் திரை கட்டின. அரசின் செய்திப் படத்துக்காகத் திரை விரிந்தாலும், திரைக்கு முன் உட்காரும் பழக்கம் அதனால் வலுப்பட்டது. சம்பள நாளை ஒட்டித் தோட்ட நிர்வாகமோ தொழிலாளர்களோ பணம் போட்டுத் தமிழ்ப் படம் வரவழைப்பதும் பெருகியது.

இந்தக் காலத்தில் சேகரத்துக்குள் புதிதாக வசனம் நுழைந்தது. 1952இல் 'பராசக்தி', 1954இல் 'மனோகரா', 1959இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. இவற்றில் முதல் இரண்டுக்கும் மு. கருணாநிதி எழுதிய வசனங்கள் புத்தகமாக வந்தன. 1965இல் வந்த 'திருவிளையாடல்' போன்ற படங்களின் கதை வசனம் நீண்ட இசைத்தட்டாகவும் கிடைத்தது. பாட்டுப் புத்தகம் பாடகர்களை உருவாக்கியது என்றால் வசனத்தட்டு நடிகர்களை உருவாக்கியது. தோட்டத்து மாரியம்மன் திருவிழா மேடையிலும் பள்ளி ஆண்டுவிழாவிலும் கட்டபொம்மன் வேடமிட்ட சிறுவர்கள் மூச்சு விடாமல் பேசியது இந்தத் தட்டுகளைக் கேட்டுத்தான். மூச்சு எங்கே நிற்கிறது, குரல் எங்கே எழுகிறது என்பதை அச்சு சொல்லாது, தட்டு சொல்லும்.

தட்டு தனி மனிதர் கையில் இருந்ததைவிட ஒலிபெருக்கி வாடகைக்காரர் கையில்தான் அதிகம் இருந்தது. 78 சுழற்சித் தட்டு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம் பாடும். கீழே விழுந்தால் உடையும். பிறகு வந்த 45 சுழற்சிச் சிறு தட்டும் 33 சுழற்சிப் பெரிய தட்டும் உடையாதவை, ஆனால் கீறல் விழும். கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று தட்டுகள் தோட்டம் தோட்டமாக அலைந்ததால், எது யாருடையது என்று தெரிவதற்காக நடுவிலுள்ள வட்டச் சீட்டில் உரிமையாளர் பெயரையும் வரிசை எண்ணையும் எழுதிவைப்பது வழக்கம். வட்டாரம் முழுவதற்கும் பொதுவான நூலகமாகப் பயன்பட்டது அந்த வாடகைக்காரரின் பெட்டி. அவர் எதை வாங்கினாரோ அதுதான் அந்தச் சுற்றுவட்டாரத்தின் காதில் விழுந்தது. தோட்டத் தமிழரின் இசை ரசனையை ஆராய விரும்புகிறவர் இந்த வாடகைக்காரர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அவர்களைப் பற்றி எழுதப்பட்டது மிகவும் குறைவு.

இதழ்களும் சேர்ந்தன. 1942இல் தொடங்கிய 'பேசும் படம்', 1966இல் தொடங்கிய 'பொம்மை' ஆகியவற்றின் நடுப்பக்கப் படங்கள் லயத்துப் பலகைச் சுவரில் ஒட்டப்பட்டன. திருவிழாக் கடைகளில் நடிகர் படம் ஒட்டிய கைக்கண்ணாடிகள் விற்றன. பிள்ளைகளுக்கு வெட்டிப் போட்ட பிலிம் துண்டுதான் பொக்கிஷம். அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்கள். இழை நீக்கிய மின்குமிழில் தண்ணீர் நிரப்பி, கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, சுவரில் படம் விழச் செய்வார்கள். சண்டைப் படம் வந்துபோன மறுநாள் மரக்குச்சி வாளாகும். நிறுவனம் செய்து விற்ற பொம்மை அவர்கள் கைக்கு வரவில்லை.

தமிழில் விண்வெளிக் கற்பனை வந்ததே என்று கேட்கலாம். வந்தது, அதுவும் 'ஸ்டார் வார்ஸ்' வருவதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே. ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' 1963இல் வெளியானது. வேற்றுக் கிரகத்தார் தங்கள் உலகில் இல்லாத இசையைக் கற்பிக்கப் பூமியிலிருந்து ஒரு பாடகியைக் கவர்ந்துபோகிறார்கள் என்பது கதை. பறக்கும் தட்டையோ கிரகவாசியையோ பொம்மையாக வார்க்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. கே.வி. மகாதேவன் இசையமைத்த பாட்டுகளே அந்தப் படத்திலிருந்து வீட்டுக்கு வந்தவை. படத்தின் கதையும் அதன் ரசிகர்கள் சேர்த்ததும் ஒன்றாகவே இருந்தன: இரண்டுமே இசை.

நாடா

எழுபதுகளின் பிற்பகுதியில் கேசட் வந்து வாடகைக்காரரின் ஆதிக்கத்தை முடித்தது. 1976இல் 'அன்னக்கிளி'யோடு இளையராஜா வந்தார். 1978இல் சிங்கப்பூர், மலேசியாவில் எடுக்கப்பட்ட 'ப்ரியா' வந்தது. வானொலிப் பெட்டியோடு சேர்ந்த கேசட் கருவி லயத்துக்குள் நுழைந்ததும், மலேசிய வானொலியின் தமிழ் ஒலிபரப்பில் வரும் பாட்டை வீட்டிலேயே பதிவு செய்ய முடிந்தது. பதிவானது அழியாமலிருக்கக் கேசட்டின் மேல்விளிம்பிலுள்ள பிளாஸ்டிக் நாக்கை உடைப்பார்கள். பிறகு மனம் மாறினால் அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டி மறுபடியும் பதிவு செய்வார்கள். பட்டியல் எழுதிக் கொடுத்தால் பாட்டுகளைப் பதிந்து தரும் கடைகளும் பெருகின. 60 நிமிட நாடாவா 90 நிமிட நாடாவா என்பதைப் பொறுத்துப் பாட்டுத் தேர்வு நீளும், சுருங்கும். படம் என்ற அலகை உடைத்து, பிடித்த பாட்டு, பிடித்த பாடகர், சோகப்பாட்டு என்று ரசிகரே அடுக்கிக்கொண்டது இந்தக் கட்டத்தின் பெரிய மாற்றம்.

வசனமும் நாடாவுக்கு மாறியது. 1984இல் வந்த 'விதி'யின் நீதிமன்ற வசனம் ஒலிபெருக்கிகளில் ஓயாமல் கேட்டது. 1987இல் மலேசியா புதிய பதிப்புரிமைச் சட்டம் இயற்றியது. ஆனால் அதற்குள் நகல் எடுப்பது வாழ்க்கைமுறையாகிவிட்டிருந்தது. இதைத் திருட்டு என்ற சொல்லோடு முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. விலைகொடுத்து வாங்கப் பணமில்லாதவர்கள் நகலெடுத்ததால்தான் பல பாட்டுகள் இங்கே தலைமுறை தாண்டின.

சேகரங்கள் அழிந்ததற்குக் கரையானும் ஈரமும் காரணம். அவற்றைவிடப் பெரிய காரணம் இடப்பெயர்வு. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் குடும்பங்களை வெளியேற்றியது. அதைத் தடுக்கவே துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு ரப்பர் அழிந்து செம்பனை வந்தது. லயங்கள் இடிந்தன. தோட்ட மக்கள் அலோர் காஜா, மலாக்கா, சிரம்பான் பக்கத்துத் தாமான் என்னும் புதுக் குடியிருப்புகளிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறினார்கள். இரண்டு அறை வீட்டில் டிரங்குப் பெட்டிக்கு இடமில்லை. சாமி படம் வந்தது, குடும்பப் புகைப்படம் வந்தது. தைத்த பாட்டுப் புத்தகம் பழைய தாள் வாங்குகிறவரிடம் போனது.

2016 ஜூலையில் வெளியான 'கபாலி' இன்னொரு திருப்பம். பா. ரஞ்சித் இயக்கி ரஜினிகாந்த் நடித்த அப்படத்தின் காட்சிகள் மலாக்காவிலும் எடுக்கப்பட்டன. தோட்டத் தொழிலாளர் வரலாறு அதன் பின்னணியில் இருந்தது. ஏர் ஏசியா விமானத்தில் ரஜினிகாந்த் படம் வரைந்தது. முத்தூட் நிறுவனம் அவர் உருவம் பொறித்த வெள்ளிக் காசு விற்றது. சேர்த்து வைப்பதற்கென்றே நிறுவனம் செய்த பொருள் தமிழ்ப் படத்துக்கும் வந்துவிட்டது. தோட்டப் பிள்ளைகளின் கதையைச் சொன்ன படத்தின் வெள்ளிக் காசு பத்திரமாக இருக்கும்; அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் பாடிப் பாடிக் கிழிந்த புத்தகம் கிடைப்பது அரிது. ஆய்வாளர் தேட வேண்டியது இரண்டாவதைத்தான்.

பழைய தட்டுகள் இப்போது மீண்டும் விலை பெறுகின்றன. பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 'ஸ்டார் வார்ஸ்' பொம்மைகளும் பழைய இசைத்தட்டுகளும் அடுத்தடுத்த மேசைகளில் விற்கின்றன. அங்கே கீறலில்லாத, எழுத்தில்லாத தட்டுக்கு விலை கூடும். வரலாற்றாய்வுக்கு இந்தக் கணக்கு நேர் எதிரானது. வட்டச் சீட்டில் மையால் எழுதிய பெயரும் எண்ணும், பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் கடைக்காரர் குத்திய ரப்பர் முத்திரையும், அணாவை அடித்துக் காசில் எழுதிய விலையும்தான் அந்தப் பொருள் எந்த ஊரில், யார் கையில், எத்தனை கல்யாண வீடுகளில் ஒலித்தது என்பதைச் சொல்லும். விற்பதற்கு முன் அந்த எழுத்தைத் துடைத்துவிடும் வழக்கம் பரவுகிறது. ஒவ்வொரு தட்டையும் துடைக்குமுன் ஒரு புகைப்படம் எடுத்து வைத்தாலே மலாக்கா, நெகிரி செம்பிலான் வாடகைக்காரர்களின் பட்டியல் ஒன்றைத் திரட்டத் தொடங்கிவிடலாம்.