கால் வேலி, அரைக்கால் வேலி

உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றால் எல்லோரும் குடத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். 2020இல் புதிய பாராளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய மேடையிலும் இந்த ஊர்ப் பெயர் ஒலித்தது. முதல் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டப்பட்ட சபைத் தீர்மானங்கள். முப்பது குடும்புகள், பெயர் எழுதிய ஓலைகள், குடத்தில் கைவிட ஒரு சிறுவன். ஜனநாயகத்துக்கு அத்தாட்சி தேடும் அவசரத்தில், யார் பெயரை ஓலையில் எழுதலாம் என்ற பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறோம். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

வயது 35க்கு மேல், 70க்குள். சொந்த மனையில் வீடு. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல். மந்திர பிராமணம் கற்றிருக்க வேண்டும், பிறருக்குச் சொல்லித்தரவும் தெரிய வேண்டும். இதற்கப்புறம் ஒரு சலுகை: ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் விளக்கிச் சொல்ல வல்லவனுக்கு அரைக்கால் வேலி இருந்தால் போதும். அதாவது ஒரு மொழியில் பெற்ற படிப்பு அரைக்கால் வேலி நிலத்துக்குச் சமம். மொழியின் அந்தஸ்தை இவ்வளவு கறாராக நிலக்கணக்கில் சொன்ன வாக்கியம் வேறெதையும் நான் படித்ததில்லை. ஊர் பிரம்மதேயம், சபை பிராமணர்களுடையது, இதில் ஆச்சரியமென்ன என்பார்கள். வாஸ்தவம். ஆனால் தீர்மானம் எழுதப்பட்டிருப்பது தமிழில்; கிரந்தத்தில் வடசொற்கள் விரவிய தமிழ். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று காரியம் பேசத் தமிழ் வேண்டியிருக்கிறது. தகுதிப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் இங்கிருந்து அதிக தூரமில்லை. அங்கே வீரராஜேந்திரன் காலத்து, 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒரு கல்விச்சாலையின் வரவுசெலவையே சொல்கிறது. ரிக் வேதத்துக்குப் பத்து மாணவர், யஜுருக்குப் பத்து, வியாகரணத்துக்கு இருபது. சாப்பாடு, படுக்கப் பாய், இரவு விளக்குக்கு எண்ணெய், சனிக்கிழமைக் குளியலுக்கும் எண்ணெய். பக்கத்திலேயே பதினைந்து படுக்கைகளுடன் ஆதுலர் சாலை. பாடங்களில் தமிழ் இல்லை.

இதைப் படிக்கிற தமிழனுக்குக் கோபம் வருவது நியாயம். அந்தக் கோபம் 1938லும் 1965லும் தெருவுக்கு வந்தது. 1968இல் இருமொழிக் கொள்கையாகவும் 2006இல் தமிழ் கற்றல் சட்டமாகவும் ஆயிற்று. அந்த வெற்றியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஜெயித்த மொழி வகுப்பறையில் எப்படி நடந்துகொள்கிறது என்பது வேறு விஷயம்.

நம் வட்டாரத்தில் இருளர்கள் இருக்கிறார்கள். செங்கல் சூளை, அரிசி ஆலை, வயலில் எலி பிடிப்பது. நீலகிரி இருளரின் மொழியை 1970களில் கமில் ஸ்வெலபில் தனித் திராவிட மொழியாக விவரித்து எழுதினார். நம் பக்கத்துச் சமவெளி இருளர் பேசுவதைக் கொச்சைத் தமிழ் என்று, தெலுங்கு கலந்த தமிழ் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். மொழியா, வழக்கா என்ற சர்ச்சை பண்டிதர்களுக்கு. முதல் வகுப்புக் குழந்தைக்கு அது வீட்டுப் பேச்சு. வாய் திறந்தால் திருத்தப்படும் பேச்சு. 2011 ஜனத்தொகைக் கணக்கும் இருளர் மொழியைத் தமிழ் என்ற தலைப்பின்கீழ் சேர்த்துவிட்டது.

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் பணம் எடுக்கும் சீட்டில் மூன்று மொழிகள் அச்சாகியிருக்கின்றன. இருளர் பெண்கள் அதை நீட்டி, "எழுதிக் கொடு சாமி" என்று நிற்பார்கள். என்னிடம் அவர்கள் பேச்சு இரண்டு மூன்று வார்த்தைகளாகச் சுருங்கிவிடும். தங்களுக்குள் திரும்பிக்கொண்டதும் விரியும். எனக்குப் பாதி பிடிபடாது. (நான் படித்தது ஆங்கில இலக்கியம். கவுண்டருக்கு இந்தப் பக்கம் என்னை உட்காரவைத்தது அந்தப் பட்டம். என் அரைக்கால் வேலி.)

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் 350ஏ பிரிவு இருக்கிறது. 1956இல் சேர்த்தார்கள். ஒடிசாவில் சாவோரா, கூயி, கோயா உள்ளிட்ட பத்து மொழிகளில், அந்தந்தச் சமூகத்து ஆசிரியர்களை வைத்து, 2007 வாக்கில் தொடங்கினார்கள். இங்கே 2024-25 பட்ஜெட்டில் தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் போன்றோரின் மொழி வளத்தை ஆவணப்படுத்த இரண்டு கோடி ரூபாய். நல்லதுதான். ஆனால் ஒலிநாடாவில் பதிந்த மொழிக்கு வகுப்பில் கைதூக்கத் தெரியாது. திருமுக்கூடல்காரர்கள் ஆசிரியனுக்கு நாளொன்றுக்கு எத்தனை நெல் என்று கல்லில் எழுதிவைத்தார்கள். இருளர் சமூகத்துப் பெண் ஒருத்தியை ஒன்றாம் வகுப்பில் ஆசிரியராக உட்காரவைக்க, சம்பளத் தொகை எழுதிய ஓர் அரசாணை வேண்டும்.