எள்நெய்யும் மடையும்: அறிவு குறித்துப் பண்டிதர் அயோத்திதாசர்



தீபாவளி என்றால் நமக்கு நரகாசுரன் கதைதான் சொல்லப்பட்டிருக்கிறது. பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914) ‘தமிழன்’ இதழில் வேறு கதை சொன்னார். விகாரைகளில் இருந்த பௌத்த பிக்குகள் மூலிகைகளையும் தானியங்களையும் ஆராய்ந்துவந்தார்கள். எள்ளிலிருந்து நெய் எடுக்கலாம், அது உடம்புக்கு நல்லது என்று கண்டார்கள். அரசனிடம் சொன்னார்கள். அவன் சோதித்துப் பார்த்து, குடிகள் எல்லாரையும் எண்ணெய் தேய்த்து தீபவதி ஆற்றில் குளிக்கச் சொன்னான். அந்தக் குளியலே தீபாவளி.

இதை நடந்த வரலாறாக நாம் ஏற்க வேண்டியதில்லை. சொல்லைப் பிரித்து வரலாறு காண்பது பண்டிதரின் வழக்கம். பல இடங்களில் அது வலிந்து பொருள் கொள்வதாகவே இருக்கிறது. ஆனால் கதையின் அமைப்பைக் கவனியுங்கள். அசுரனும் இல்லை, அவதாரமும் இல்லை. இயற்கையைக் கூர்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கண்டது உடம்பில் சோதிக்கப்படுகிறது. பிறகு எல்லாருக்கும் பொதுவாகிறது. சித்த மருத்துவராக வாழ்ந்த ஒருவருக்கு அறிவு என்பது இதுதான். பிறப்பால் ஒருவருக்கு வாய்ப்பதோ, மந்திரமாக மறைத்து வைப்பதோ அவருக்கு அறிவு அல்ல. வித்தை, புத்தி, ஈகை, சன்மார்க்கம் என்று அவர் திரும்பத் திரும்ப நான்கைச் சேர்த்துச் சொன்னதும் அதனால்தான். ஈகை இல்லாத வித்தையை அவர் மதிக்கவில்லை.

அவரும் அத்வைதியாகத் தொடங்கியவர்தான். 1870களில் நீலகிரியில் அத்வைதானந்த சபை கண்டார். எல்லாம் ஒன்று என்ற தத்துவம் சேரியை ஊரோடு சேர்க்கவில்லை. 1898இல் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு, கல்லூரியில் அறிவியல் கற்பித்த லட்சுமி நரசு பௌத்தத்தின் சாரம் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். நரசு நவீன விஞ்ஞானத்தின் வழியாகப் புத்தரிடம் வந்தார்; பண்டிதரோ ஓலைச்சுவடியும் மருந்துப் பையுமாக வந்தார். நமக்கு இருவரும் வேண்டும். என்றாலும் நம் கரிசல்காட்டுக்குப் பண்டிதரே நெருக்கம்.

ஏனென்றால் வீரசோழன், திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்து வெள்ளாமை மழையையும் கண்மாயையும் நம்பியது. கண்மாயில் எத்தனை நாளைக்குத் தண்ணீர் கிடக்கும், எந்த வயல் கதிர் வாங்குகிறது, எந்த மடையை எப்போது திறக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தவர் நீர்ப்பாய்ச்சி. பெரும்பாலும் நம் மக்கள். கூலி, அறுவடையில் கொஞ்சம் நெல். அந்தக் கணக்கைப் பொறியியல் என்று யாரும் சொன்னதில்லை, ஊழியம் என்றார்கள். ‘மடையன்’ என்று யாரையாவது ஏசும்போது நம் பெரியவர்களுக்கு மடைதான் நினைவுக்கு வருகிறது.

1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்ட பிறகே அயோத்திதாசரின் எழுத்து நம் கைக்குப் பரவலாக வந்தது. அச்சில் வந்த அவருக்கே இத்தனை காலம் என்றால், எழுதாதவர்களின் அறிவு என்னாகும்? மாணவர்கள் இந்த விடுமுறையில் தங்கள் ஊர்க் கண்மாயில் மடை பார்த்த பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். எழுதும்போது ‘ஊர் மக்கள் கூறியது’ என்று போட வேண்டாம். அவர்கள் சம்மதித்தால், சொன்னவரின் பெயரைப் போடுங்கள்.