வாசகரைத் தேடிச் சென்ற நூல்

சீர்காழியில் பிறந்து, சென்னை மாகாணக் கல்லூரியில் கணிதம் போதித்து வந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1924-இல் சென்னை சர்வகலாசாலையின் நூலகராகி, லண்டன் சென்று நூலகக் கலையைப் பயின்று திரும்பியபோது, புத்தகங்களைப் பூட்டிக் காப்பதே நூலகரின் தர்மம் என்றிருந்த நம்பிக்கை ஆட்டங்காணத் தொடங்கிற்று. அலமாரிகள் திறந்துவிடப்பட்டன; அவற்றினிடையே நின்று, வந்தவர் எதை நாடுகிறார், அதில் எவ்வளவு அறிந்திருக்கிறார், எந்த மொழியில் வாசிப்பார் என்று பொறுமையுடன் விசாரித்து, உரிய நூலைக் கையில் கொடுப்பது சிப்பந்திகளின் தலையாய கடமை என்று அவர் வற்புறுத்தினார்.

ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்னும் கோட்பாடுகள் 1931-இல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளுள் அடங்கும். அதே ஆண்டில், மன்னார்குடியிலிருந்து மாட்டுவண்டியொன்று நூல்களைச் சுமந்துகொண்டு வாசகரைத் தேடிச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் புறப்பட்டது. பிறகு 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியதனால், தனிமனிதரின் சிரத்தையாக இருந்த நூலகப் பணி அரசின் பொறுப்பாயிற்று.

பண்டிதரையும் பாமரரையும் சமமாக மதித்து, அவரவர் தேவையறிந்து நூல் வழங்கும் நூலகரும் ஆசிரியரே. அத்தொண்டு கல்வித் தானத்துக்குச் சற்றும் குறைந்ததன்று.