பாவுக் கஞ்சியும் சாயநீரும்: காஞ்சிபுரத்திலிருந்து ஒரு கூழ்ம வரலாறு

காஞ்சிபுரம் நெசவாளர் தெருக்களில் விடிகாலையில் தறிக்கான பாவு இழைகளை நீட்டிக் கட்டியிருப்பதைப் பார்க்கலாம். அரிசிக் கஞ்சி ஏற்றிய பட்டிழைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து வெயிலில் காயவிடுவார்கள். கஞ்சி குடித்த இழை தறி அச்சின் உராய்வைத் தாங்கும். அரிசியின் மாவுச்சத்து ஒரு பல்சர்க்கரை. சூட்டில் அதன் மணிகள் நீரை உறிஞ்சி உப்பும். ஆறும்போது மூலக்கூற்றுச் சங்கிலிகள் பின்னிக்கொண்டு நீரைத் தமக்குள் நிறுத்திவைக்கும். ஹைட்ரோஜெல் என்னும் நீர்க்கூழ்மத்தின் இலக்கணமும் இதுதான். ஆறிக் கெட்டிப்பட்ட கஞ்சியை அதன் எளிய வடிவமாகக் கொள்ளலாம்.

நீரைத் தெளியவைக்கவும் தமிழர் பல்சர்க்கரையை நாடியிருக்கிறார்கள். கலித்தொகையில் தலைவியின் கலக்கம் தீர்ந்ததற்கு, தேற்றா விதையால் தெளிந்த நீர் உவமை. அம்மரத்துக்கு ‘இல்லம்’ என்பது பழம்பெயர். அவ்விதையில் கலங்கலைத் திரட்டுபவை கேலக்டோமன்னன், கேலக்டன் என்னும் பல்சர்க்கரைகள் என 1994இல் வெளியான வேதியியல் ஆய்வொன்று காட்டியது. இது கூழ்மம் அன்று, திரட்டி. ஆயினும் இவ்வரலாற்றில் அதற்கு இடம் உண்டு.

ஐரோப்பாவில் 1811இல் பிரக்கோனோ காளான்களிலிருந்து கைட்டின் என்னும் பல்சர்க்கரையைப் பிரித்தார். 1859இல் ரூஜே அதைக் காரத்தில் கொதிக்கவைத்தபோது, நீர்த்த அமிலத்தில் கரையும் பொருளாக அது மாறியது. இன்று இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் அதுவே. 1861இல் தாமஸ் கிரஹாம் மாவுச்சத்தையும் பிசினையும் கூழ்மங்கள் (கொலாய்டு) என்னும் தனி வகையில் வைத்தார். 1881இல் ஸ்டான்ஃபோர்டு கடற்பாசியிலிருந்து ஆல்ஜினிக் அமிலம் எடுத்தார். மருத்துவத்துக்கான திருப்பம் 1960இல் வந்தது. விக்டெர்லேயும் லிம்மும் குறுக்குப்பிணைப்பிட்ட கூழ்மத்தை உடலுக்குள் பயன்படுத்தலாம் என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அவர்களுடையது செயற்கைப் பலபடி, பல்சர்க்கரை அல்ல. ஈரமாக வைத்த புண் விரைந்து ஆறுகிறது என்று 1962இல் ஜார்ஜ் வின்டர் பன்றித் தோலில் நிறுவியபின், ஈரம் காக்கும் ஆல்ஜினேட் கட்டுகளுக்கு அறிவியல் ஆதரவு கிடைத்தது. 2002இல் குருதியை நிறுத்தும் கைட்டோசான் கட்டுக்கு அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. கைட்டோசானின் அமினோ தொகுதிகள் அமிலச் சூழலில் நேர்மின் ஏற்பவை. சிவப்பணுக்களின் மேற்பரப்போ எதிர்மின் கொண்டது. குருதி உறைவதில் இந்த ஈர்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்த மின்னேற்றம்தான் நம்மைக் காஞ்சிபுரத்துப் பட்டுக்கு, அதன் சாயப்பட்டறைக்குத் திரும்ப அழைத்துவருகிறது. பட்டுக்கு ஏற்றும் அமிலச் சாயங்களில் எதிர்மின் கொண்ட சல்ஃபோனேட் தொகுதிகள் உள்ளன. புரதமான பட்டிலும் அமினோ தொகுதிகள் இருப்பதால், புளிப்பேற்றிய கொப்பரையில் சாயம் இழையைப் பற்றுகிறது. பற்றாத மிச்சமே கழிவுநீரில் போகிறது. அதைப் பிடிக்க ஆய்வாளர்கள் கைட்டோசானைத் தேர்ந்தது தற்செயல் அன்று: சாயத்துக்கு அது இன்னொரு பட்டு! ஒரு சிக்கல், கைட்டோசான் அமில நீரில் கரைந்துவிடும். குளுட்டரால்டிஹைடு போன்றவற்றால் குறுக்குப்பிணைப்பிட்டுக் கூழ்ம மணிகளாக்கினால், கரையாமல் உப்பி நின்று சாயத்தை வாங்கிக்கொள்ளும்.

இதே பொருளைச் சென்னை ஐஐடியில் டி. பிரதீப் குழுவினர் குடிநீருக்குப் பயன்படுத்தினார்கள். கைட்டோசானோடு அலுமினிய ஆக்ஸிஹைட்ராக்ஸைடைச் சேர்த்து, அதில் வெள்ளி நுண்துகள்களைப் பொதித்து, கிருமி கொல்லும் வடிகட்டியை உருவாக்கியதாக 2013இல் அறிவித்தார்கள். மின்சாரம் தேவைப்படாத அமைப்பு அது.

சாயநீரின் கதை அவ்வளவு எளிதில் முடியவில்லை. புதுப் பட்டுப்புடவையைச் சோப்பில் போடாதே என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். சோப்பின் காரம் சாயத்தைக் கழற்றிவிடும். சாயம் பிடித்த கைட்டோசான் மணிகளும் அப்படித்தான். காரநீரில் கழுவினால் மணி மறுபயனுக்கு வரும், சாயமோ முன்னைவிடச் செறிவாகத் தொட்டிக்குத் திரும்பும். சிறு பட்டறைக்காரர் அந்தத் தொட்டியை எங்கே கொட்டுவது?