கடலின் நீலமும் மரக்காணத்துப் பாத்தியும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரி போகிறவர்கள் மரக்காணம் உப்பளங்களைப் பார்த்திருப்பார்கள். பாத்தியில் நிற்கும் தண்ணீருக்கு நிறம் இல்லை. கொஞ்சம் தள்ளிப் போனால் கடல், நீல நிறத்தில்! இரண்டும் தண்ணீர்தானே, பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

இதே கேள்வி 1921-ல் ஒரு கப்பல் பயணிக்கும் வந்தது. திருச்சியில் பிறந்த சி.வி.ராமன் இங்கிலாந்திலிருந்து 'நார்குண்டா' என்ற கப்பலில் திரும்பிக் கொண்டிருந்தார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்று ராலே பிரபு சொல்லியிருந்தார். ராமன் ஒரு நிக்கோல் பட்டகத்தின் வழியாகப் பிரதிபலிப்பை மறைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் மறையவில்லை! நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதுதான் காரணம் என்றார். அந்தத் தேடல்தான் 1928 பிப்ரவரி 28-ல் கே.எஸ்.கிருஷ்ணனோடு சேர்ந்து கண்ட ராமன் விளைவில் முடிந்தது. 1930-ல் நோபல் பரிசும் வந்தது.

ஆனால் அது பாதி விடைதான். தண்ணீர் சிவப்பு ஒளியை உட்கவர்வதை ராமன் ஒரு துணைக் காரணமாகவே கருதினார். உண்மையில் அதன் பங்கு மிகப் பெரியது.

நீர் மூலக்கூறில் ஆக்சிஜனோடு இரண்டு ஹைட்ரஜன்கள் ஸ்பிரிங்கில் கட்டிய குண்டுகள் போல அதிர்கின்றன. இந்த அதிர்வு படிப்படியாகத்தான் ஏறும். முதல் படிக்கு அகச்சிவப்பு ஒளி போதும். ஒரே தாவலில் நான்கு படி ஏற 740 நானோமீட்டர் அருகிலும், ஐந்து படி ஏற 606 நானோமீட்டர் அருகிலும் உள்ள ஒளி வேண்டும். இவை சிவப்பும் அதை ஒட்டியதும். இத்தனை படி தாவுவது அரிது என்பதால் சில அங்குலத் தண்ணீரில் ஒன்றும் தெரியாது. பல மீட்டர் ஆழத்தில் சிவப்பு குறைந்து நீலம் மிஞ்சும். கனநீரில் ஹைட்ரஜனுக்குப் பதில் எடை கூடிய டியூட்டீரியம் இருப்பதால் அதிர்வு மெதுவாகிறது. இந்தத் தாவல்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்குப் போய்விடுகின்றன. அதனால் கனநீருக்கு இந்த நீலம் இல்லை.

அவ்வளவு உயரத்தில் மூலக்கூறு எப்படி ஆடும்? கீழ்ப்படிகளில் இரு பிணைப்புகளும் சேர்ந்தே ஆடும். மேலே போனால் கதை மாறுகிறது. ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். பெரிதாக வீசி ஆடினால் ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் அதிக நேரம் ஆகும். பிணைப்பும் அப்படித்தான், அதிகமாக நீண்டால் தளர்ந்து மெதுவாக ஆடும். அப்போது பக்கத்துப் பிணைப்போடு தாளம் ஒத்துப் போகாது, ஆற்றலும் எளிதில் அங்கே கைமாறாது. ஒரு பிணைப்பு மட்டும் தனியே ஆடும். இதை 1979 முதல் 1981 வரை லாட்டன், சைல்டு இருவரும் நியூட்டனின் பழைய இயக்கவியலைக் கொண்டே நீர் மூலக்கூறில் காட்டினார்கள். குவாண்டம் உலகத்தில் அந்தச் சிறையிலும் ஒரு கள்ள வழி உண்டு. பழைய இயக்கவியல் அனுமதிக்காத இடத்துக்கும் ஆற்றல் மெல்லக் கசியும்.

இந்தியாவிலும் இந்த ஆராய்ச்சி தொடர்ந்தது. பின்னாளில் கான்பூர் ஐஐடி பேராசிரியரான ஸ்ரீஹரி கேசவமூர்த்தி, 1997-ல் கிரிகரி எஸ்ராவோடு சேர்ந்து நீரின் உயர் அதிர்வு நிலைகளைப் பழைய இயக்கவியலின் கண்ணால் வகைப்படுத்தினார். இது வெறும் கணக்கு விளையாட்டல்ல. ஆற்றல் எந்தப் பிணைப்பில் தங்குகிறது என்பதைப் பொறுத்தே ஒரு மூலக்கூறு எங்கே உடையும், எவ்வளவு வேகமாக வினைபுரியும் என்பது அமைகிறது.

சூரிய ஆற்றலில் ஏறத்தாழ பாதி அகச்சிவப்பு. அதில் கணிசமான பகுதியை ஆழமில்லாத நீரே இதே அதிர்வுகளின் கீழ்ப்படிகளில் வாங்கிக்கொள்கிறது. அந்தச் சூடும் சேர்ந்துதான் மரக்காணத்துப் பாத்தியில் தண்ணீர் வற்றி உப்பு விளைகிறது. கடலை நீலமாக்குவதும் பாத்தியை வற்ற வைப்பதும் ஒரே மூலக்கூறின் ஆட்டம்தான்!