பழைய முகவரியும் புதிய வாயிலும்

தங்கவயலில் வாழும் நமக்குப் பெயர் மாற்றம் புதிதன்று. நம் முன்னோர் வட ஆர்க்காட்டிலிருந்து புகைவண்டி ஏறி வந்து இறங்கிய பௌரிங்பேட்டை, பங்காருப்பேட்டை ஆயிற்று. மைசூர் மாநிலம் 1973-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கருநாடகம் எனப் பெயர் பூண்டது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் கால்கொண்ட சுரங்கங்களோ, 1956-இல் மைசூர் அரசினரிடமும் 1962-இல் மத்திய அரசினரிடமும் சென்று, 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாகி, 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பெற்றன. அதன்பின் குடும்பங்கள் பல பெங்களூருக்கும் சென்னைக்கும் பெயர்ந்தன. ஆயினும் லைன் வீட்டு எண்ணுக்கு வந்த கடிதம் உடனே திரும்பிவிடவில்லை. தபால்காரர் பழைய விலாசத்தை அடித்து, புதிய விலாசத்தை ஓரத்தில் எழுதி அனுப்பினார். அந்த ஒரு வரி எழுத்தே இக்கட்டுரையின் பொருள்.

கணினி உலகிலும் முகவரிகள் உண்டு; அவையும் மாறுவன. தொடக்கத்தில் கணினிகளுக்கு எண்களே உண்மையான முகவரி. மாந்தர் நினைவில் நில்லாத அவ்வெண்களுக்குப் பெயரிட்டு வழங்கும் ஏற்பாட்டை 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பார் வகுத்தார். வலைத்தளங்கள் பெருகிய பின்னர், தளம் ஒன்று வீடு மாறினால் வருவோருக்கு யாங்ஙனம் அறிவிப்பது என்ற வினா எழுந்தது. 1996 மே மாதம் வெளிவந்த விதித்தொகுப்பு இதற்கு இரண்டு குறிகளைப் பதிவு செய்தது. 301 என்றால் நிலையாகக் குடிபெயர்ந்தாயிற்று என்பது பொருள். 302 என்றால் தற்காலிகமாக வேறிடத்தில் இருக்கிறோம் என்பது. பழைய முகவரியைத் தட்டியவுடன், அங்குள்ள வழங்கி இக்குறியையும் புதிய முகவரியையும் விடையாகத் தரும். உலாவி நொடிப்பொழுதில் அங்குச் செல்லும். படிப்பவர் பெரும்பாலும் இதை உணர்வதேயில்லை.

தமிழுக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். நிரம்ப உண்டு. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் அவர்கள் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளில் சிதறிக்கிடந்த தமிழர்கள் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டனர். முதல் எண் திருக்குறளுக்கு உரியது. தொடக்கத்தில் தமிழ்.நெட் தளத்தின் நிழலில் இருந்த அத்திட்டம் பின்னர்த் தன் பெயரிலேயே தளம் கொண்டது. எழுத்துக் குறியீடும் திஸ்கியிலிருந்து யுனிக்கோடுக்கு மாறியது. இடையே எத்தனை மாணவர் தம் ஏடுகளில் பழைய முகவரியைக் குறித்துவைத்திருப்பர்! நூல் இருந்தும், குறித்த வாயிலில் அது இல்லையெனில், படிக்க வந்தவனுக்கு அது இல்லாத நூலே.

இன்னும் துயரமானது ஜியோசிட்டீஸ் கதை. இலவசமாக இடம் தந்த அத்தளத்தில் தமிழன்பர் பலர் பக்கங்கள் அமைத்தனர். 1999-இல் யாஹூ நிறுவனம் அதை வாங்கிற்று. 2009 அக்டோபரில் மூடிவிட்டது. குடியிருந்தோருக்கு மனை சொந்தமன்று. வாயிலில் பலகை வைக்கவும் வழியில்லை. சுரங்கக் குவார்ட்டர்சில் வாழ்ந்தோருக்கு இந்நிலை விளங்கும்.

சொந்தப் பெயர் வாங்கியோரும் தவறுவதுண்டு. யான் அறிந்த ஓர் அமைப்பினர் புதுத் தளம் திறந்த மகிழ்ச்சியில், பழைய பெயருக்குரிய ஆண்டுக் கட்டணத்தைச் செலுத்தாது விட்டனர். யாரோ அதை வாங்கிக்கொண்டார். பழைய மலரில் அச்சிட்ட முகவரியைத் தட்டிய என் பேத்தி கண்டது சூதாட்ட விளம்பரம்! வேறு சிலர் பழைய பக்கங்கள் அனைத்தையும் புதுத் தளத்தின் முகப்புக்கே திருப்பிவிடுவர். ஒரு கட்டுரையைத் தேடி வந்தவரை வாசற்படியில் நிறுத்திவிட்டு உள்ளே தேடிக்கொள்ளச் சொல்வது அது. பழைய பக்கம் ஒவ்வொன்றும் அதற்கு நேரான புதிய பக்கத்தையே சுட்டவேண்டும். இத்திருப்பத்தைக் குறைந்தது ஓராண்டேனும் வைத்திருக்குமாறு கூகுள் நிறுவனம் கூறுகிறது. அச்சு மலர்கள் ஐம்பது ஆண்டு பீரோவில் இருக்கும் நம் போன்றோருக்கு ஓராண்டு எம்மட்டில்? வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ்-லீ அவர்களோ, முகவரியை மாற்றவே வேண்டா என்று 1998-இலேயே எழுதினார்.

தமிழில் இதற்கு அழகியதொரு சொல் வழங்குகிறது. தமிழ் விக்கிப்பீடியா அன்பர்கள் இதை ‘வழிமாற்று’ என்பர். ஓர் ஊருக்குப் பழம்பெயர் ஒன்றும் புதுப்பெயர் ஒன்றும் இருப்பின், பழம்பெயரை இட்டுத் தேடுவோரும் புதுப்பெயர்க் கட்டுரைக்கே வந்து சேர, எந்தப் பெயரிலிருந்து வழிமாற்றப்பட்டது என்ற குறிப்பு தலைப்பின் கீழே சிற்றெழுத்தில் தோன்றும், நம் தபால்காரர் அடித்த விலாசம் உறையின்மேல் இன்னும் தெரிவது போல.