கிடைக்காத ‘மக்கள் வாகனம்’: நாஸி ஜேர்மனியின் சேமிப்புத் திட்டம் பற்றிய ஒரு குறிப்பு

மோட்டார் வாகன வரலாறு பெரும்பாலும் பொறியியலாளரதும் கம்பனிகளதும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அதன் ஓரத்தில் ஒதுக்கப்பட்ட விசித்திரங்களுள் ஒன்று, ஏறத்தாழ 336,000 பேர் பணம் செலுத்தியும் அவர்களுள் ஒருவருக்கேனும் கிடையாதுபோன வாகனத்தின் கதையாகும்.

1938 ஆகஸ்டில் நாஸி ஜேர்மனியின் ‘தொழிலாளர் முன்னணி’த் தலைவர் ரொபேட் லெய் இத்திட்டத்தை அறிவித்தார். பேர்டினன்ட் போர்ஷே வடிவமைத்த, பின்னாளில் வொக்ஸ்வாகன் எனப் புகழ்பெற்ற அவ்வண்டியின் விலை 990 மார்க். வாரந்தோறும் குறைந்தது 5 மார்க்குக்கு முத்திரை வாங்கி அட்டையில் ஒட்டுதல் வேண்டும். காப்புறுதிக்கான 200 மார்க்கையும் சேர்ப்பின் 238 வாரங்கள். அதாவது நாலரை ஆண்டுக்கு மேல். சேமிப்புக்கு வட்டியில்லை. ஒப்பந்தத்தைப் பிறருக்கு மாற்றவும் இயலாது. வழமையான தவணை வணிகத்திற் பொருள் முதலிற் கைக்கு வரும். கடன் பின்னர் தீரும். இங்கோ வாங்குவோனே விற்போனுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தான். கூலி உயர்வு கேட்கச் சங்கமேதும் இல்லாத நாட்டில், வாரத்துக்கு 5 மார்க்கை மிச்சம்பிடிக்கத் தொழிலாளரால் எங்ஙனம் இயலும்? சேமித்தோருள் அவர்கள் மிகச் சிறுபான்மையினராகவே இருந்தமை வியப்பன்று.

ஆலைக்கான மூலதனம் எங்கிருந்து வந்தது என்பதே நுணுகி நோக்கற்பாலது. 1933 மே 2 இல் தொழிற்சங்கங்கள் நசுக்கப்பட்டு, அவற்றின் கட்டடங்களும் நிதியும் தொழிலாளர் முன்னணியின் உடைமையாக்கப்பட்டன. 1938 மே 26 இல் பாலர்ஸ்லேபனுக்கருகே ஹிட்லர் அடிக்கல் நாட்டிய ஆலை, பெருமளவுக்கு அச்சொத்துக்களை விற்ற பணத்தில் எழுந்ததே. சேமிப்பாளரின் பணம் பீரங்கிகளாயிற்று என எழுதுவோர் உளர், அது சரியன்று. அப்பணம் பேர்லின் வங்கியொன்றிற் கிடந்து, 1945 இல் சோவியத் படையினர் வசமாயிற்று. பறிகொடுத்தோர் வேறு யாருமல்லர், தம் சந்தாவாற் சங்கங்களைக் கட்டியெழுப்பிய தொழிலாளரே.

போர்க்காலத்தில் ஆலை இராணுவ வாகனங்களையே பெரிதும் உற்பத்தி செய்தது. 1944 அளவில் அங்கு உழைத்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் கட்டாய உழைப்பாளர். அறுநூற்றுச் சொச்சம் ‘மக்கள் வாகனங்கள்’ மாத்திரம் வெளிவந்து, கட்சி மேலோர் முதலானோரைச் சேர்ந்தன.

முத்திரை அட்டைகளை வைத்திருந்தோர் போரின் பின்னர் நீதிமன்றை நாடினர். பல்லாண்டு வழக்கு 1961 இல் இணக்கத்தில் முடிந்தது: புதிய வண்டி வாங்குவோருக்கு உச்ச அளவாக 600 மார்க் கழிவு, வாங்காதோருக்கு 100 மார்க் வரை ரொக்கம். அதே ஆண்டில் அக்கம்பனியின் 60 வீதப் பங்குகள் ‘மக்கள் பங்குகள்’ என்ற பெயரில் விற்பனைக்கு விடப்பட்டன.